எட்டாம் வகுப்பு 'பி' பிரிவின் ராகு காலம்

திங்கட்கிழமை காலை எட்டே கால். பள்ளிக்கூடத்தின் இரும்புக் கதவுக்கு வெளியே எட்டாம் வகுப்பு 'பி' பிரிவு மொத்தமும் நின்றுகொண்டிருந்தது. முப்பத்தெட்டுப் பிள்ளைகள், கூடவே அம்மாக்கள். உள்ளே கணக்கு வாத்தியார் ஜெகநாதன் மட்டும்.

"உள்ள வாங்கம்மா, ஜெபத்துக்கு நேரமாவுது."

"ராகு காலம் சார்," என்றாள் முன்னால் நின்ற அபிதகுசாம்பாள். பட்டு நூலுக்குச் சாயம் போடும் வீட்டுக்காரி. நகமெல்லாம் அரக்குச் சிவப்பு. "ஏழரை டூ ஒம்போது. ஒம்போது அடிச்சதும் வந்துடறோம்."

புதுக் கல்வியாண்டின் முதல் நாளே ஜெகநாதனுக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம் போலிருந்தது. போன வருஷம் அவர் வகுப்பில் பதினோரு பேர் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். தலைமையாசிரியை சிஸ்டர் வெள்ளிக்கிழமையே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"இந்த வருஷத்தையாவது விசுவாசத்தோட ஆரம்பிங்க சார். எட்டரைக்குள்ள உங்க பிள்ளைங்க எல்லாரும் மாதா சிலை இருக்கற கெபி முன்னாடி விளக்கேத்தி ஜெபம் பண்ணணும். ஒரு பிள்ளை குறைஞ்சாலும் வகுப்பு கலைமகள் டீச்சருக்குப் போயிடும்."

பதினாறு வருஷமாக வகுப்பாசிரியர். அதுவும் போனால் வெறும் கணக்கு வாத்தியார்.

"ஏம்மா, துர்க்கைக்கு ராகு காலத்துலதான எலுமிச்சம்பழ விளக்கு ஏத்தறீங்க? மாதாவுக்கு ஏத்தினா ஆவாதா?" என்று மடக்கினார்.

அபிதகுசாம்பாள் யோசித்தாள். "நாயமான பேச்சு. ஏ பானு, ஜல்தியா போய் பழம் வாங்கியா."

ஜெகநாதன் மெழுகுவத்தியைத்தான் நினைத்துச் சொல்லியிருந்தார். ஐந்தே நிமிஷத்தில் சுற்றுச்சுவர் ஓரமாக முப்பத்தெட்டு எலுமிச்சை மூடிகளில் நெய் விளக்கு எரிந்தது.

"சரி, ஏத்தியாச்சு. வாங்க."

"வெளக்கு மலையேறாம நகரக் கூடாது சார். நீங்களே சொல்லுங்க, எரியறத வுட்டுட்டுப் போவலாமா?"

மணி எட்டு இருபத்தைந்து. பிள்ளைகள் மாதாவிடம் வராவிட்டால் மாதாவைப் பிள்ளைகளிடம் கொண்டுபோக வேண்டியதுதான். காவல்காரர் வீரனைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்கு ஓடி, சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தைக் கழற்றி வந்து கதவோரம் நாற்காலி போட்டு நிறுத்தினார்.

தேவிகாபுரம் பஸ் நின்றது. ஜன்னல்களிலிருந்து கும்பிடுகள். கண்டக்டர் படியில் தொங்கியபடி கேட்டார்: "பொங்கல் குடுக்க எவ்ளோ நேரமாவும் சார்? வண்டிய ஓரங்கட்டட்டுமா?"

"பொங்கல்லாம் இல்லப்பா, போப்பா."

"படத்த வெளிய வெச்சுட்டு பொங்கல் இல்லன்னா எப்படி சார்?" பின்னால் வந்த நெல் லாரி ஹாரன் அடித்தது.

சிஸ்டர் வந்துவிட்டார். எலுமிச்சை, படம், பஸ், லாரி என வரிசையாகப் பார்த்தார். கோபித்திருந்தால்கூடத் தேவலாம்.

"பரவாயில்ல சார். நீங்க இதையெல்லாம் எடுத்து வெச்சுட்டு மெதுவா ரெண்டாவது பீரியடு போங்க. முதல் பீரியடு கலைமகள் டீச்சர் எடுக்கட்டும்."

அம்மாக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "போடா, ஓடு," என்றாள் அபிதகுசாம்பாள். அரை நிமிஷத்தில் வாசல் காலி. கெபியின் முன்னாலிருந்து முப்பத்தெட்டுக் குரல்கள் 'அருள்நிறைந்த மரியே' ஜெபம் சொல்வது கேட்டது.

ஜெகநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு நாற்பது. சுவரோரம் விளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன.

"ராகு காலம் முடிய இருவது நிமிஷம் இருக்கே வீரா. விளக்கும் மலையேறல. எப்படிப் போனாங்க?"

வீரன் மாதா படத்தைத் துண்டால் துடைத்தார். "'ஏ' பிரிவு புள்ளைங்க ஏழே முக்காலுக்கே வந்துட்டாங்க சார், ஒருத்தரும் ராகு காலம் பாக்கல. மொத பீரியடு எடுக்கறவங்க ராசிதான் வருசம் பூராவும்னு இந்தம்மாங்க நேத்து கோயிலாண்ட பேசிகினு இருந்தாங்க. ஒம்போது ஆனா மொத பீரியடு போயிடும்ல. அவங்க ஒதுங்கி நின்னது ராகுவுக்கு இல்ல சார், உங்களுக்குத்தான்."