திரைச்சீலைக்கு வந்த உள்காய்ச்சல்

பொழுது விடிவதற்குள் அந்தக் குழந்தைகள் காப்பகத்தின் வாசலில் வரிசை தெருமுனையைத் தாண்டிவிடும். புதுப்படம் வெளியான கொட்டகைகூட அப்படியொரு கூட்டத்தைப் பார்த்திருக்காது. இத்தனைக்கும் உள்ளே இருப்பது இரண்டு அறை, ஒரு சறுக்குமரம், வண்டி வண்டியாக அழுகை. முன்பெல்லாம் பெற்றோர் பிள்ளையை விட்டார்கள், வேலைக்கு ஓடினார்கள், கதை முடிந்தது. உள்காய்ச்சல் ஐயா வந்த பிறகு அவர் தரிசனம் ஆனால்தான் ஓட முடியும்.

உள்காய்ச்சல் என்ற சொல் எல்லோர் வீட்டிலும் உண்டு. தொட்டால் சுடாது, தெர்மாமீட்டர் வைத்தால் ஏறாது, ஆனாலும் உள்ளுக்குள்ளே காய்கிறது என்பார்கள். பரீட்சைக்குப் படிக்காதவர்களுக்கும் அலுவலகத்துக்குப் போகப் பிடிக்காதவர்களுக்கும் காலங்காலமாகக் கைகொடுத்து வந்த அப்பாவிச் சொல். அதைக் கொண்டே ஒரு மனிதர் பிழைப்பு நடத்தலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது. தன்னை ‘நுண்காந்த நிபுணர்’ என்று சொல்லிக்கொண்டார். நுண்காந்தம் என்றால் என்ன என்று கேட்டவர்களைப் பரிதாபமாக ஒரு பார்வை பார்ப்பார். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

அவருடைய கருவி ஒரு பித்தளைக் குண்டு. கொத்தனார் சுவர் கோணலா நேரா என்று பார்ப்பாரே, அதே தூக்குக்குண்டு. அதைக் குழந்தைக்கு நேரே பிடிக்கமாட்டார். குழந்தைகள் அதைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டுவிடும். அதனால் மாற்றுத் துணிப் பைக்குமேல் பிடிப்பார். ஒவ்வொரு பிள்ளைக்கும் காப்பகமே கொடுத்த மஞ்சள் பை அது. நனைத்துக்கொண்டால் மாற்ற ஒரு செட் துணி இருக்கும். உடம்பின் காந்தம் துணியில் தங்கியிருக்குமாம். குண்டு நேர்கோட்டில் ஆடினால் பிள்ளை உள்ளே. வட்டமடித்தால் உள்காய்ச்சல், வீட்டுக்கு.

நேர்கோட்டில் ஆடவைக்க ஒரு வழி இருந்தது. ஐயாவே தயாரித்த செப்பு வில்லையைப் பையின் வெளிப்புறம், எல்லோர் கண்ணிலும் படும்படி குத்திக்கொள்ள வேண்டும். வில்லை குத்திய பைக்குமேல் குண்டு அணிவகுப்பில் நடக்கும் சிப்பாய் மாதிரி நேராகப் போய்வரும். வில்லையின் ஆயுள் ஒரே மாதம். அதற்குப் பிறகு அதுவே நோயாளியாகிவிடும் என்பதால் புதிதாக வாங்க வேண்டும். வியாதி வந்தால் மருந்து விற்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். மருந்துக்கே வியாதி வரவழைத்த மேதை இவர் ஒருவர்தான்.

காப்பகத்தை நடத்திய பெரிய மிஸ் கெட்டவர் அல்ல. பயந்தவர். போன வருஷம் ஒரு பிள்ளைக்கு வந்த வாந்தி ஊர்வலம் போல எல்லாப் பிள்ளைகளையும் சுற்றிவர, ஒரு வாரம் கதவைச் சாத்தவேண்டியதாகிவிட்டது. அன்றிலிருந்து யாராவது தும்மினாலே அவருக்குக் கை நடுங்கும். அந்த நடுக்கத்தின்மேல்தான் ஐயா கடை விரித்தார்.

அந்த வரிசையில் தினமும் நின்றவர்களில் ஒருத்தி ரயில் நிலைய அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடை, எவ்வளவு தாமதம் என்று ஒலிபெருக்கியில் சொல்கிறவள். அவள் குரலில் ‘தாமதம்’ என்று கேட்டால் பயணிகளுக்குக் கோபமே வராது, தாலாட்டு மாதிரி இருக்கும். ஆனால் பணி நிரந்தரமில்லை. அவளும் ஐயாவை மனசார நம்பினாள். முதல் மாதம் வில்லை வாங்கினாள். அடுத்த மாதம் பிள்ளைக்குச் செருப்பு வாங்கவேண்டி வந்ததால், வில்லையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். அவ்வளவுதான், அவள் மகள் வாண்டுக்கு உள்காய்ச்சல் ஆரம்பித்தது.

வாண்டின் ஆரோக்கியத்தைப் பார்த்தால் யானைக்குக்கூடப் பொறாமை வரும். சறுக்குமரத்தில் கீழிருந்து மேலே ஓடுகிற ரகம். ஆனால் குண்டு வட்டமடித்துக்கொண்டே இருந்தது. சில நாள் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். சில நாள் உள்ளே விட்டுவிட்டு, ஐயா மறுபடி ஒரு பார்வை பார்த்த பிறகு போன் செய்தார்கள். ஒருமுறை அந்தப் போன் வந்தபோது மைக் திறந்திருந்தது. “என்னது, உள்ளுக்குள்ள கொதிக்குதா?” என்று அவள் அலறியது எல்லா நடைமேடைகளிலும் எதிரொலிக்க, நின்றிருந்த வண்டியிலிருந்து பாதிப் பேர் பெட்டியும் படுக்கையுமாகக் கீழே குதித்துவிட்டார்கள்.

நிலைய அதிகாரி அவளை அழைத்தார். கத்தவில்லை. மூலையில் இருந்த ஒரு அட்டைப்பெட்டியைக் காட்டினார். உள்ளே பதிவு செய்த குரலில் தானாகவே அறிவிக்கும் இயந்திரம். இதற்குப் பிள்ளையும் கிடையாது, பிள்ளைக்கு உள்காய்ச்சலும் கிடையாது என்றார். இன்னும் ஒரே தடவை அவள் பாதியில் எழுந்து போனால், அல்லது வராமல் போனால், மறுநாள் அந்தப் பெட்டியைப் பிரித்து மாட்டிவிடுவதாகவும் சொன்னார்.

அதற்கு அடுத்த நாளே காப்பக வாசலில் குண்டு பம்பரமாகச் சுற்றியது. ஐயா கண்ணை மூடித் தலையை ஆட்டினார். இதுவரை பார்த்ததிலேயே இதுதான் முற்றிய உள்காய்ச்சலாம். அவள் கெஞ்சிப் பார்த்தாள். பெரிய மிஸ் நடுங்கிப் பார்த்தார். நடுக்கம்தான் ஜெயித்தது. வேறு வழியில்லாமல் வாண்டை இடுப்பில் தூக்கிக்கொண்டு ரயில் நிலையத்துக்கு ஓடி, அறிவிப்பு மேசைக்கு அடியில் ஒளித்துவைத்தாள். வாண்டு சும்மா இருக்குமா? தண்ணீர்ச் செம்பைத் தன்மேலேயே கவிழ்த்துக்கொண்டது. மாற்றுத் துணி எடுக்க மஞ்சள் பையைத் திறந்தாள்.

உள்ளே வாண்டின் துணி இல்லை. கடையில் வாங்கி உறைகூடப் பிரிக்காத ஜன்னல் திரைச்சீலை இருந்தது.

அவளுடைய கணவன் ரொட்டி அடுமனையில் இரவு வேலை பார்த்துவிட்டு வந்து, பாதித் தூக்கத்தில் பை கட்டுகிறவன். அன்றைக்குக் கைக்கு வந்ததை எடுத்துத் திணித்திருக்கிறான். சாயங்காலம் அவள் அவனை உட்காரவைத்துப் பையைக் காட்டினாள்.

“ஏங்க, உள்காய்ச்சல் பிள்ளைக்கு இல்லங்க. இந்தத் திரைக்கு.”

அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நேத்துதானே வாங்கினேன். கடையிலயே இருந்திருக்கும்போல. கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்துடவா?” என்றான்.

அவள் அவனைப் பார்த்த பார்வையில் அவன் மிச்சத் தூக்கமும் கலைந்தது.

மறுநாள் வரிசையில் திரைச்சீலைக் கதையைச் சொன்னாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்து, ஐயாவைத் துரத்துவார்கள் என்று நினைத்தாள் பாவம். நம்பிக்கை வைத்தவர்களுக்கு விளக்கத்துக்கா பஞ்சம்? அந்தத் துணியை நெய்தவருக்கு உள்காய்ச்சல் இருந்திருக்கும் என்றார் ஒரு கணக்காளர். பல் மருத்துவர் ஒருவர் இருந்தார், நிறையப் படித்தவர். உறைக்குள் அடைபட்டால் காந்தம் முற்றும் என்று புது விதியே கண்டுபிடித்தார். பெரிய மிஸ் கண் கலங்கிவிட்டார். அந்தத் திரை மட்டும் ஜன்னலில் தொங்கியிருந்தால் குடும்பமே போயிருக்கும், ஐயா காப்பாற்றிவிட்டார் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று மட்டும் வில்லைகள் தீர்ந்துபோய், இன்னொரு மூட்டை வரவழைக்கவேண்டியதாயிற்று. சிலர் ஜன்னலுக்கும் சேர்த்து வாங்கினார்கள்.

அன்று குண்டு நல்லவேளையாக நேராக ஆடியது. விளம்பரம் செய்துகொடுத்ததற்கு நன்றியாக இருக்கும். ஆனால் நாளை என்ன செய்யும்? அட்டைப்பெட்டி அவள் கனவில் வந்து, அவள் குரலிலேயே வணக்கம் சொன்னது.

அடுத்த நாள் காலை அவள் எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டாள். ஐயா வந்தார். கழுத்தில் சுற்றியிருந்த மஃப்ளரைக் கழற்றி, பிள்ளைகளின் பைகள் தொங்கும் கொக்கியில் மாட்டிவிட்டு, வழக்கம்போலப் பெரிய மிஸ் அறைக்குத் தேநீர் குடிக்கப் போனார். அவர் குடித்து முடித்து வெளியே வந்தபோது வரிசை நிறைந்திருந்தது. முதல் ஆளாக அவள் ஒரு மஞ்சள் பையை, வாயை இறுகக் கட்டி, வில்லை எதுவும் குத்தாமல் நீட்டினாள்.

வாண்டின் பையா என்று கேட்டார். இல்லை என்றாள்.

“வேற ஆளுங்க. இங்க தினம் வந்து போறவர்தான். துணியை மட்டும் பார்த்துச் சொல்லுங்க.”

“வயசு என்ன?”

“பார்த்தா சொல்ல முடியாதுங்க.”

பையைச் சுற்றும்முற்றும் பார்த்தார். வில்லை இல்லை. குண்டை எடுத்தார். அது சுற்றிய சுற்றில் முன்வரிசையில் நின்றவர்களுக்குக் காற்று வந்தது. ஐயாவின் முகம் இருண்டது. இது சாதாரண உள்காய்ச்சல் இல்லை, எலும்புவரை இறங்கிவிட்டது, மூச்சுக்காற்று பட்டாலே பத்துப் பேர் படுப்பார்கள் என்றார். கூட்டம் ஓரடி பின்வாங்கியது.

“இந்தத் துணிக்கு உரியவர் இனி இந்த வாசலை மிதிக்கக் கூடாது. மிதிச்சா நான் பொறுப்பில்ல.”

“உறுதியாச் சொல்றீங்களா?”

“குண்டு பொய் சொல்லாதும்மா.”

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். ஐயா சொன்னதை ஒரு வார்த்தை பிசகாமல், நிலையத்தில் சொல்கிற அதே நிதானத்தோடு, அனைவரின் கனிவான கவனத்துக்கும் என்று தொடங்கி வரிசையின் கடைசிவரை கேட்கும்படி அறிவித்தாள். தொழில் பழக்கம், இரண்டாவது முறையும் அறிவித்தாள். பிறகு முடிச்சை அவிழ்த்து மஃப்ளரை வெளியே எடுத்தாள்.

தினமும் அவர் கழுத்தில் பார்த்த மஃப்ளர். ஒரு ஓரத்தில் நேற்றுச் சிந்திய தேநீர்க் கறைகூட அப்படியே இருந்தது.

ஐயாவுக்கு இப்போது இரண்டே வழி. குண்டு சொன்னது உண்மையென்றால் அவர் நோயாளி. பொய்யென்றால் அவர் திருடர். கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் மெதுவாக இருமினார்.

பெரிய மிஸ் அவரைவிட்டு எட்டடி தள்ளிப் போய்விட்டார். அவருக்கு இன்னும் குண்டின்மேல் சந்தேகமே வரவில்லை, வந்ததெல்லாம் பயம். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்றார். நோய் கண்டவர் ஓரமாகத் தனியே உட்கார வேண்டும், வீட்டிலிருந்து யாராவது வந்து கூட்டிப்போக வேண்டும், தனியாக அனுப்பக் கூடாது. அதன்படி நுண்காந்த நிபுணரை, ஒட்டகச்சிவிங்கி வரைந்த சுவருக்குப் பக்கத்தில், இரண்டு வயதுப் பிள்ளைகளின் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். முழங்கால் இரண்டும் காதைத் தொட்டன. ஆயா அவர் கையில் ஒரு கிலுகிலுப்பையைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

போன் போனது. அவருடைய மனைவி பக்கத்துத் தெருவிலிருந்து, சோப்பு நுரை காயாத கையோடு வந்தாள். நேரே போய் அவர் நெற்றியில் புறங்கையை வைத்தாள்.

“சுடலையே. நல்லாத்தானே இருக்கீங்க?”

“உள்காய்ச்சல்,” என்று முனகினார் ஐயா.

“எது? பாத்திரம் கழுவச் சொன்னா வருமே, அதா?”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் திரும்பி வரிசையைப் பார்த்தாள். பைகளைப் பார்த்தாள். பைகளில் மின்னிய வில்லைகளையும் அவர் மடியில் கிடந்த குண்டையும் பார்த்தாள். புருஷன் ஏதோ சுகாதார வேலையில் இருப்பதாகத்தான் அவள் அதுவரை நினைத்திருந்தாள் போலிருக்கிறது.

“இந்தக் குண்டை வெச்சா பிள்ளைங்களுக்கு ஜுரம் பார்க்குறாரு? எங்க பையனுக்குப் போன வாரம் உடம்பு சுட்டப்போ தெர்மாமீட்டர் வெச்சுப் பார்த்துட்டு, டாக்டர் வீட்டுக்கு என்னைவிட வேகமா ஓடினவரு இவரு. அப்போ இது அலமாரி மேலதான் இருந்துச்சு.”

கணக்காளர் தன் செருப்பை ஆராய்ந்தார். பல் மருத்துவர் வானத்தில் ஏதோ தேடினார். மனைவி ஐயாவின் காதைப் பிடிக்காத குறையாகக் கூட்டிப்போனாள். கூட்டத்தில் பாதி வில்லைக் காசைக் கேட்டுக்கொண்டே பின்னால் போனது.

பெரிய மிஸ், நடுங்கும் தன் கையைத் தானே பிடித்து இழுத்துவந்ததுபோல, பக்கத்தில் நின்ற ஒரு பிள்ளையின் நெற்றியில் கை வைத்தார். ஜில்லென்றிருந்தது. அடுத்தது வாண்டு, கையை நக்கிவிட்டு உள்ளே ஓடிவிட்டது. அதற்கடுத்து அப்பாவின் தோளில் சுருண்டு கிடந்த ஒரு குட்டிப் பையன். தொட்டவர் கையை வெடுக்கென்று எடுத்தார். அடுப்புச் சட்டி மாதிரிச் சுட்டது. தெர்மாமீட்டரும் அதையே சொன்னது.

“வில்லை புதுசு மிஸ். நேத்துதான் மாத்தினேன்,” என்றார் அந்த அப்பா, பையைத் திருப்பிக் காட்டி.

“வில்லைக்கு ஒண்ணுமில்லைங்க. பிள்ளைக்குத்தான் ஜுரம். டாக்டர்கிட்ட போங்க,” என்றார் பெரிய மிஸ். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு சரியான பிள்ளை அன்றுதான் வீட்டுக்குப் போனது.

அறிவிப்பாளர் மூச்சிரைக்க ஓடினாள். முதல் வண்டி உள்ளே நுழையும்போது மைக் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். வண்டி சரியான நேரத்துக்கு வருகிறது என்று அவள் சொன்னதை, நிலைய அதிகாரி சந்தேகத்தோடு வெளியே வந்து தன் கண்ணாலேயே பார்த்துவிட்டு உள்ளே போனார். அவரைப் பாராட்ட வேண்டும். சொன்னதை நம்பாமல் எட்டிப் பார்த்தார்.

உங்கள் வீட்டிலும் யாராவது உள்காய்ச்சல் என்று குண்டைத் தூக்கிக்கொண்டு வந்தால், முதலில் பிள்ளையின் நெற்றியில் கை வையுங்கள். அடுத்து உங்கள் நெற்றியில் வையுங்கள். பிள்ளை நெற்றி சுட்டால் மருத்துவர் இருக்கிறார். உங்கள் நெற்றிக்கு உள்ளே எந்த வேலையும் நடக்காமல் சில்லிட்டுக் கிடந்தால், அதற்கு மருந்து உங்களிடம்தான் இருக்கிறது: யோசியுங்கள்.