ஒரு வண்டிதான் போகும்

சட்டம் தெரியாதவனால் யாருக்கும் ஆபத்தில்லை, தெரிந்தவனாலும் இல்லை. பாதி தெரிந்தவன் இருக்கிறானே, அவனை நம்பி யாரும் கோர்ட்டுக்குப் போகக் கூடாது. என் மாமா போனார்.

சங்கரன்கோவிலில் மாமாவின் வீட்டுக்கும் பின்னாலிருந்த விசைத்தறிக் கூடத்துக்கும் ஒரே சந்துதான் வழி. பக்கத்து வீட்டு அருணாசலம் அண்ணாச்சி அதில் கேட் போட்டுப் பூட்டிவிட்டார். இளவயதில் இருவரும் ஒரே கூடத்தில் தறி ஓட்டியவர்கள். இப்போது பேச்சுவார்த்தை கிடையாது. ‘அங்கே பாதையே இல்லை’ என்று அண்ணாச்சி கோர்ட்டில் எழுதிக் கொடுத்தார். நூல் வண்டி வர வழியில்லாமல் மாமாவின் தறிகள் பாதி நின்றுபோயின. (அத்தையின் குழம்பும் தண்ணீராகிப்போனது.) மாமா தரப்புச் சாட்சி, கல்லூரி மாணவனான நான்.

சட்டச் சொற்களுக்கு அர்த்தம் சொல்லும் மலிவுப் புத்தகம் ஒன்றை வாங்கி, வீட்டில் வகுப்பே எடுத்தேன். வழக்குப் போட்டவர் வாதி, எதிரே நிற்பவர் பிரதிவாதி, எதிர்த்தரப்பு வக்கீல் நம்மைக் குடைவது குறுக்கு விசாரணை.

“முக்கியமா ஒண்ணு மாமா. சாட்சிக்கு யாரும் எடுத்துக் குடுக்கக் கூடாது. நீங்க வாயே தொறக்கப்பிடாது.”

“தொறக்கல மருமவனே,” என்றார் மாமா பயபக்தியோடு.

கூண்டில் ஏறினேன். “பாதை பாதைன்னு சொல்றீங்களே, அதுல எத்தனை வண்டி போகும்?” என்று ஆரம்பித்தார் எதிர்த்தரப்பு வக்கீல்.

படித்ததெல்லாம் பறந்துவிட்டது. கண் தானாக மாமாவைத் தேடியது. மாமா வாயைத் திறக்கவில்லை. இரண்டு விரலை நீட்டி, கையை உள்ளே தள்ளிக் காட்டினார். தறிச் சத்தத்தில் பேச்சு காதில் விழாது என்பதால் கூடத்தில் எல்லாமே கைஜாடைதான். அங்கேயே வளர்ந்த எனக்கும் அது அத்துப்படி.

“ரெண்டு...” என்றேன். அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. எதிர் பெஞ்சிலிருந்து ஒற்றை விரலை ஆட்டி, ‘புளுகாதே, ஒரு வண்டிதான் போகும்’ என்று மாமாவுக்கு ஜாடை காட்டினார். ‘சைக்கிளையும் சேர்த்துக்கொள்’ என்று மாமாவின் கை பதில் சொன்னது. நான் கூண்டிலிருந்தே இரு கையையும் விரித்து, ‘எதைச் சொல்ல?’ என்று கேட்டேன்.

“அங்கே என்ன நடக்குது?” நீதிபதி நிமிர்ந்தார்.

நான் துள்ளினேன். “அய்யா! ஒரு வண்டி போகும்னு அவரே ஒத்துக்கிடுதாரு!”

“யாரு சொன்னது? எனக்கு ஒண்ணும் கேக்கலியே!” என்றார் நீதிபதி.

கோர்ட்டே சிரித்தது. பெஞ்சில் உட்கார்ந்து விரலை ஆட்டுவதெல்லாம் சாட்சியம் ஆகாதாம். கூண்டேறி, உறுதிமொழி எடுத்துச் சொல்ல வேண்டுமாம். (அந்தப் பக்கத்தை நான் படிக்கவில்லை.) நீதிபதி மாமாவையும் அண்ணாச்சியையும் வெளியே அனுப்பினார். அதன்பின் நான் உளறியதை எழுத மனம் வரவில்லை. கேஸ் போச்சு, தறி போச்சு, மாமா முகத்தில் எப்படி முழிப்பது என்று யோசித்தபடி வெளியே வந்தேன்.

டீக்கடையில் மாமாவும் அண்ணாச்சியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

“வாய்தான் வே ஒம்மகூடப் பேசல. கை சொன்ன பேச்சக் கேக்க மாட்டேங்கு,” என்று சிரித்தார் அண்ணாச்சி.

மாமா என்னைப் பார்த்தார். “நீ சொன்னபடி நான் வாயே தொறக்கலியே மருமவனே!”

அடுத்த வாய்தாவிலேயே சமரசம் ஆயிற்று. சந்தில் போட்ட கேட்டும் போயிற்று. இன்றும் எங்கள் வீட்டில் யாராவது கொஞ்சம் கூட்டிச் சொன்னால், எதிரே இருப்பவர் பேசாமல் ஒற்றை விரலைத் தூக்குவார். என் மகள் உட்பட.

போன வருடம் மாமா இறந்தார். அமரர் ஊர்தி சந்துக்குள் வரத் திணறியது. கூட்டத்தை ஒதுக்கி அதற்கு வழிகாட்டிய அண்ணாச்சி, மேளச் சத்தத்துக்கு நடுவே என்னைத் திரும்பிப் பார்த்து ஒற்றை விரலைத் தூக்கினார். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.