செவலைக் கோழி அடைக்கு உட்கார்ந்த விவரம்

அன்புள்ள தம்பி மாதேஸ்வரனுக்கு,

மாரண்டஹள்ளியிலிருந்து அக்கா குள்ளம்மாள் எழுதுவது. நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். கோழிகளும் அப்படியே. இண்டூரில் நீயும் ரேவதியும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். உன் மாமா தை மாதத்தில் போன பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை போன் பண்ணி விசாரிக்கிறாய், அதற்கு நான் குறை சொல்லவில்லை. ஆனால் போனில் நான் ஒரு வார்த்தை பேசினால் நீ பத்து வார்த்தை பேசுகிறாய். காகிதம் குறுக்கே பேசாது, அதனால் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்றவள் எழுத்து, பொறுமையாகப் படி.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். வருகிறேன். நீ சொன்னபடியே வீட்டைப் பூட்டிவிட்டு உன்னோடு வந்து இருந்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சின்னனை அவன் டெம்போவோடு கூட்டிக்கொண்டு வா. ஐந்து மாதமாக மாட்டேன் என்றவள் திடீரென்று ஏன் வருகிறாள் என்று ரேவதி கேட்பாள். அதற்குத்தான் மீதிக் கடிதம்.

இங்கே பஸ் ஸ்டாண்டு பக்கம் முனிராஜ் என்று ஒருவன் பேக்கரி வைத்திருக்கிறான். அவனிடம் சித்திரையில் ஓசூரிலிருந்து மேனகா என்று ஒரு பெண் வந்தாள். கோழியைத் திரும்பக்கூட இடமில்லாமல் கம்பிக் கூண்டில் அடைத்து வைத்து எடுக்கிற முட்டையை வாங்காதீர்கள் என்று கடை கடையாகச் சொல்வது அவள் வேலை. பள்ளிக்கூடங்களுக்கும் போகிறாள். வேன் வருகிற இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் ஆண்டுவிழாவுக்குக் கோழிக்குஞ்சுக்குப் பச்சையும் சிவப்பும் சாயம் பூசிப் பரிசு கொடுப்பார்கள், அதை இவள் பேசித்தான் நிறுத்தினார்கள். முனிராஜும் சரி என்றுவிட்டான். கேக்குக்கு இனிமேல் திரிகிற கோழி முட்டைதான் என்று எங்கள் தெருவில் நாலைந்து வீட்டில் முட்டை எடுக்க ஆரம்பித்தான். பதினோரு கோழி இருப்பதால் நான்தான் அதில் பெரிய ஆள். கடை வாசலில் பெரிய போர்டு வைத்தான். அதில் செவலைக் கோழியைக் கையில் பிடித்துக்கொண்டு நான் நிற்கிற படம். போர்டு வைத்த அன்று பூசை போட்டு, எலுமிச்சம்பழம் கட்டி, போர்டுக்கு ஒரு சாமந்தி மாலையும் போட்டுவிட்டான். மாலை சரியாக என் கழுத்துக்கு வந்துவிட்டது. பாலக்கோட்டு ரங்கம்மாள் சின்னம்மா பஸ்ஸில் போகும்போது அதைப் பார்த்துவிட்டு, இறங்கி, மாரில் அடித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். உன் மாமா காரியத்துக்கு வராதவள் என் காரியத்துக்கு வந்துவிட்டாள். நான் முறத்தோடு வாசலில் நிற்கிறேன்.

“நீ இருக்கியாடி?”

“இருக்கேன் சின்னம்மா.”

“அப்ப மாலை?”

“அது போர்டுக்கு.”

“போர்டுக்கு எவனாச்சும் மாலை போடுவானா? கட்டையில போறவன்! சரி, இவ்ளோ தூரம் வந்துட்டேன்” என்று உட்கார்ந்து உன் மாமாவைச் சொல்லி அழ ஆரம்பித்தாள். நானும் அழுதேன். பிறகு காப்பி போட்டேன். இது வைகாசியில் நடந்தது.

அப்புறம் இந்தச் செவலை. அது உன் மாமா கையால் தீனி தின்று வளர்ந்தது, உனக்குத் தெரியும். பத்து நாளைக்கு முன்னால் அடைக்கு உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்த இடம் மூலையில் கிடக்கிற கூடை. கூடையில் அவருடைய காக்கிச் சட்டை. அடியில் ஒரு முட்டை கிடையாது, எல்லாம்தான் பேக்கரிக்குப் போய்விடுகிறதே. சும்மா சட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டு யார் கிட்டே போனாலும் சிலிர்த்துக்கொண்டு கொத்த வருகிறது. தீனி போட்டால் வரவில்லை. முட்டையும் இல்லை. முனிராஜ் இரண்டு நாளுக்கொரு தடவை வண்டியில் வந்து, “அக்கா, போர்டுல இருக்கற கோழியே முட்டை போடலைன்னா நான் எந்த மூஞ்சியோட கடையத் தொறக்கறது?” என்கிறான். நானும் நம் ஆத்தா செய்வதைத்தான் செய்தேன். தொட்டித் தண்ணீரில் மூன்று முக்கு முக்கி, அதன் இறக்கையிலேயே ஒரு இறகைப் பிடுங்கி, மூக்கு ஓட்டையில் இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் வாங்கினேன். மூக்கில் இறகு உறுத்தினால் கோழி தலையை ஆட்டிக்கொண்டே திரியும், அடை மறந்துவிடும். ஊர் முழுக்கச் செய்வதுதான்.

மறுநாளே மேனகா கோழி எப்படி இருக்கிறது என்று பார்க்கக் காகிதத்தோடு வந்து நிற்கிறாள். பண்ணை உரிமையாளர் பெயர் என்றாள். அவர் பெயரை நான் வாயால் சொன்னதே இல்லை. ரேஷன் கார்டை எடுத்துக் காட்டினேன். மாது என்று எழுதிக்கொண்டு, “அண்ணன் எங்கக்கா?” என்றாள். போய்விட்டார் என்றேன். அடித்துவிட்டு உங்கள் பெயரை எழுதட்டுமா என்று கேட்டாள். இருக்கட்டும் என்றேன்.

“கோழி திரிய எவ்ளோ எடம் இருக்குக்கா?”

“வடக்க முனியப்பன் கோயில். தெக்க ஜானகியம்மா வூட்டுக் குப்பைமேடு.”

“ராத்திரில கூண்டுல அடைப்பீங்களா?”

“பஞ்சாரத்தப் போட்டுக் கவுப்பேன். இல்லன்னா கீரி தூக்கினு போயிடும்.”

மூங்கில் பஞ்சாரம் கூண்டா இல்லையா என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஓசூருக்குப் போன் போட்டுக் கேட்டாள். அங்கே இருந்தவர்களுக்கும் தெரியவில்லை. அதற்குள் செவலை மூக்கில் இறகோடு எங்கள் நடுவில் நடந்து வந்தது. அவள் பேனாவை மூடிவிட்டாள்.

“யாருக்கா இப்டிப் பண்ணது?”

“நான்தான். முட்டையில்லாம சும்மா உக்காந்திருக்கு கண்ணு. எழுப்ப வேணாமா?”

“எத்தினி நாள் உக்காரும்?”

“மூணு வாரம்.”

“உக்காரட்டுமேக்கா. அதுக்கு உக்காரணும்னு இருக்கு. முடிஞ்சா அதுவே எழுந்துக்கும்.”

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். மூக்கில் இறகு குத்தினால் போர்டை எடுக்கச் சொல்ல வேண்டியிருக்கும் என்று மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் போனதும் செவலையைப் பிடித்து இறகை உருவினேன். நுனியில் துளி ரத்தம் இருந்தது. மாதேஸ்வரா, இந்தக் கையால் எத்தனை கோழிக்குக் குத்தியிருக்கிறேன், ஒரு தடவைகூட உருவிப் பார்த்ததில்லை. அவர் வளர்த்ததையே நான் இப்படிச் செய்துவிட்டு, இங்கே தனியாக உட்கார்ந்து யாருக்கு எதைக் காப்பாற்றுகிறேன் என்று தோன்றிவிட்டது. முனிராஜிடம் படத்தைக் கிழித்துவிடச் சொல்லிவிட்டேன். கோழிகளைப் பக்கத்து வீட்டு ஜானகியம்மாளிடம் விடுகிறேன். அதனால்தான் வருகிறேன்.

ரேவதிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். முனியப்பன் உங்கள் வாசலைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
குள்ளம்மாள்

பின்குறிப்பு: மேலே எழுதியதை மடித்து வைத்து இரண்டு நாளாகிறது, இன்னும் தபாலில் போடவில்லை. இறகை உருவின கையோடு செவலை நேராக அந்தக் கூடைக்கே போய்ச் சட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டது. நேற்று சாயங்காலம் ஜானகியம்மாளிடம் சேவல் மிதித்த முட்டை ஒன்பது வாங்கி அடியில் வைத்தேன். கொத்தவில்லை. நகர்ந்து இடம் கொடுத்தது. தண்ணீர் குடிக்க எழுந்திருக்கிற நேரத்துக்குக் காக்காய் ஓட்ட ஆள் வேண்டும், அதனால் நான் வருவதற்கில்லை. முனிராஜ் படத்தைக் கிழிக்கவில்லை. கோழி அடையில் இருக்கிறது, இருபத்தொரு நாள் இதன் முட்டையில் கேக் இல்லை என்று போர்டிலேயே கீழே எழுதி வைத்துவிட்டான். இப்போது பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லாம் இன்னும் எத்தனை நாள் என்று கேட்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை டெம்போவை வேண்டாம் என்று சொல்லிவிடாதே, வரட்டும். உன் மாமா படுத்த கயிற்றுக் கட்டிலைப் பார்த்துப் பார்த்து நான் அழுகிறேன் என்று போன மாதம் ஏற்றிக்கொண்டு போனாயே, அதைப் போட்டுக்கொண்டு வா. நீ நல்லதுக்குத்தான் செய்தாய். நானும் செவலைக்கு நல்லதுக்குத்தான் செய்தேன். சின்னனும் நீயும் மத்தியானம் இங்கேயே சாப்பிடலாம். கோழிக்குழம்பு மட்டும் கேட்காதீர்கள்.