கொதிப்புள்ளவர்களுக்குச் சாவில்லை

"என்ன கண்றாவி இது!" என்று புள்ளியியல்காரர் மேசையில் ஓங்கிக் குத்தினார். கம்ப்யூட்டர் ஆடியது. அதிலிருந்த முடிவு மட்டும் அசையவில்லை. ரத்தக்கொதிப்பு ஏற ஏற ஆயுளும் கூடுகிறது என்று அடித்துச் சொன்னது.

ஐந்து வருட ஆராய்ச்சி. இன்று மாலை பெரிய டாக்டர் வந்து பார்ப்பார். இந்த லட்சணத்தைக் காட்டினால் பிரிவையே இழுத்து மூடிவிடுவார். இவர் வேலையும் போச்சு, நோயாளிகளை வரவழைத்து அளக்கும் நர்ஸம்மா வேலையும் போச்சு.

"ஆரம்பத்துல ஒரே ஒரு தடவை அளந்தா இப்படித்தான்! கொதிப்பு காலையில ஒண்ணு காட்டும், சாயங்காலம் ஒண்ணு காட்டும். அளவுல தப்பு எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தானே கணக்கைத் திருத்த முடியும்? செக்கப்புக்கு வந்திருக்கிற எல்லாரையும் மறுபடி அளங்க!"

"இன்னிக்கேவா சார்?" நர்ஸம்மா வாசல் பக்கம் பார்த்தார்.

"இல்ல, நான் ரிட்டையர் ஆனப்புறம்!"

அளந்தார்கள். முன்பு நூற்றெண்பது இருந்தவர்களுக்கெல்லாம் இப்போது நூற்றிருபது.

"மாத்திரை நல்லா வேலை செய்யுது போல சார்."

"எல்லாருக்குமா? மெஷினை மாத்துங்க!"

புதுக் கருவி இன்னும் குறைத்துக் காட்டியது. பேசாமல் உட்காரவைத்து அளக்கச் சொன்னார். அதற்கும் கீழே இறங்கியது. புள்ளியியல்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு அந்தத் தப்பையெல்லாம் சூத்திரத்தில் போட்டுக் கணக்கைத் திருத்தினார். அது திருந்துவதற்குப் பதிலாகத் துணிந்துவிட்டது. கொதிப்பு உச்சத்தில் இருப்பவர்களுக்குச் சாவே கிடையாதாம்!

வாசலில் பெரிய டாக்டரின் கார் வந்து நின்றது. புள்ளியியல்காரர் பாய்ந்துபோய், நாற்காலியில் சிவனே என்று உட்கார்ந்திருந்த ஒல்லி ஆசாமியின் கையைப் பிடித்தார்.

"நீங்களே சொல்லுங்கய்யா! அப்ப நூத்தியெண்பது, இப்ப நூத்திப்பத்து. எந்த மெஷின் பொய் சொல்லுது?"

நர்ஸம்மா ஆசாமியைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினார். ஆசாமி பயத்தில் அதைக் கவனிக்கவில்லை.

"ரெண்டுமே நிஜந்தாங்க. அது எங்க அண்ணனோடது, இது என்னோடது. கொதிப்பு ஜாஸ்தி உள்ளவங்கள்ல ஒரு ஆள் குறைஞ்சாலும் நீங்க குதிகுதின்னு குதிப்பீங்களாமே, அதனால அண்ணன் செத்ததுலேர்ந்து நர்ஸம்மாதான் அவர் பேர்ல என்னை வரச் சொல்றாங்க... வெளிய நிக்கிற மத்தவங்களும் அப்படித்தாங்க!"