ஐந்து சட்டை, இரண்டு பேண்ட்

பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு ரத்தினசாமி இருபது நிமிடமாக நின்றான். நஞ்சன்கூடு பஸ் ஏழு பத்துக்கு. மணி ஏழு ஐந்து. இடுப்பில் துண்டு மட்டும்தான் இருந்தது.

உள்ளே பதினோரு சட்டைகள், ஏழு பேண்ட்கள். எதற்கு எது என்பது மகேஸ்வரிக்குத்தான் தெரியும். கல்யாணமாகி நான்கு வருடமும் அவன் குளித்துவிட்டு வரும்போது கட்டிலின் மேல் ஒரு சட்டையும் ஒரு பேண்டும் கிடக்கும். எடுத்துப் போட்டுக்கொள்வான். பத்து மாதங்களுக்கு முன் ஒரு மூளைக்காய்ச்சல் ஆறே நாளில் அவளைக் கொண்டுபோனது. அதிலிருந்து கட்டில் காலியாக இருந்தது.

பஸ் போய்விட்டது. அந்த மாதத்தில் ஐந்தாவது முறை.

தொழிற்சாலையில் மேலாளர் கிருஷ்ணராஜ் கூப்பிட்டார்.

"ஏன் லேட்டு?"

"சட்டை எடுக்க நேரமாயிடுச்சு சார்."

"கடையிலயா?"

"பீரோவுல சார்."

கிருஷ்ணராஜ் பேனாவை மூடி வைத்தார். மனைவியை இழந்தவன் என்று போகச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலப் பத்திரிகையின் இணைப்பில் ரத்தினசாமி ஒரு கட்டுரை படித்தான். மனிதனுக்கு ஐந்து சட்டையும் இரண்டு பேண்டும் போதும், எதை எதனோடு போட்டாலும் பொருந்த வேண்டும் என்று அதில் இருந்தது. மூன்று முறை படித்தான். இவ்வளவு பெரிய விஷயத்தை இரண்டு பத்தியில் சொல்லியிருந்தார்கள். ஐந்தும் ஒரே மாதிரி இருந்துவிட்டால் பொருத்தம் பார்க்கும் வேலையே இல்லை என்பது அவனுடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

மறுநாளே, பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கும் மல்லம்மாவை வாசலில் நிறுத்தினான். உடம்பில் இருந்தது போக மிச்சம் பதினாறு உருப்படியையும் தூக்கி வந்து போட்டான்.

"எல்லாமா சாமி?" என்றாள் மல்லம்மா. ஒரு சட்டையின் காலரைத் தடவிப் பார்த்தாள். "ஒண்ணுகூடக் கிழியலையே."

"எல்லாம்தான்."

"அப்ப நாளைக்கு என்னத்த உடுத்துவீங்க?"

"இதோ, இது இருக்கு" என்று போட்டிருந்ததைக் காட்டினான்.

அவள் ஒரு பெரிய குடத்தைக் கொடுத்தாள். தெருமுனை வரை போனவள் மனசு கேட்காமல் திரும்பி வந்து, ஒரு கரண்டியையும் வைத்துவிட்டுப் போனாள்.

சிவராம்பேட்டைத் துணிக்கடையில் அவன் அதிகம் பேசவில்லை. அலமாரியைப் பார்த்து விரலை நீட்டினான். "அது. அஞ்சு சட்டைக்கு." பிறகு இன்னொரு பக்கம். "இது. ரெண்டு பேண்டுக்கு." கடைக்காரர் ஒரு கணம் அவனைப் பார்த்துவிட்டு, மரியாதையோடு கிழித்துக் கொடுத்தார். அவனுக்குத் தேவையானது கிடைத்துவிட்டது. சட்டைக்குச் சாம்பல் நிறம். பேண்டுக்கு மண் நிறம். துக்கத்தில் இருப்பவனுக்கு இதைவிட அடக்கமான இரண்டு நிறங்கள் உலகத்தில் இல்லை.

நான்கு கடை தள்ளி, அவனுக்குக் கல்யாணமானதிலிருந்து தைத்துத் தரும் கெம்பையன் துணியைப் பிரித்துப் பார்த்தார்.

"அஞ்சுமே இதுலயா சார்?"

"ஆமா. சாதாரணமாத் தைங்க. கண்ணுல படாத மாதிரி இருக்கணும்."

கெம்பையன் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அளவு எடுத்தார்.

புதுச் சட்டைகள் வந்த அன்று பீரோவில் அவற்றை மாட்டிவிட்டு ரத்தினசாமி கட்டிலில் உட்கார்ந்து பார்த்தான். சாமுண்டி மலையிலிருந்து முதல் முறையாக ஊரைப் பார்த்தபோது இப்படித்தான் மூச்சு நின்றது. ஐந்து சட்டை, அவற்றுக்கு நடுவே காற்று. அப்புறம்தான் ஒன்று உறைத்தது. தனக்குப் பத்திரிகையும் பத்து மாதமும் தேவைப்பட்ட காரியத்தை மகேஸ்வரி தினமும் அரை நொடியில் செய்தாள். அவள் பீரோ முன் நின்று யோசித்து அவன் ஒருநாளும் பார்த்ததில்லை.

மறுநாள் ஏழு மணிக்கே பஸ் நிறுத்தத்தில் இருந்தான். பஸ்ஸில் ஏறியதும் பேச்சு நின்றது. கண்டக்டர் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு, "நல்லா இருக்கு சார்" என்றார். எளிமைக்கு இவ்வளவு சக்தி இருக்கும் என்று ரத்தினசாமி நினைத்ததில்லை.

அலுவலகத்தில் பக்கத்து மேஜைக் கன்னடக்காரன் மஞ்சுநாத் எழுந்தே நின்றுவிட்டான்.

"ஏன் ரீ ரத்தினசாமி, என்ன இது!"

"இனிமே இதுதான். தினமும் இதேதான்."

"தினமுமா?"

"அஞ்சு சட்டை இருக்கு. எல்லாம் இதே மாதிரி."

"அப்பப்பா!" மஞ்சுநாத் அவனைச் சுற்றி வந்து பார்த்தான். "எனக்கெல்லாம் இந்தத் தைரியம் வராது ரீ."

"பழகிட்டா ஒண்ணுமில்ல."

நான்காம் நாள் மஞ்சுநாத் ஒரு புகைப்படத்தை நீட்டினான். "பேரு ஜீவிதா. ஸ்கூல் டீச்சர். உங்க ஆளுங்கதான்."

"எதுக்கு?"

"எதுக்கா? நீங்க ரெடின்னு ஃபேக்டரிக்கே தெரிஞ்சுபோச்சு."

"நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலையே."

"வாயால சொல்லணுமா? பார்த்தாலே தெரியுதே!"

ரத்தினசாமி யோசித்தான். துணி புதுசு, மொடமொடப்பு போகவில்லை, அதுதான் ஆளை ஏமாற்றுகிறது. டிசம்பர் பனிக்கும் ஆயிற்று என்று நடைபாதைக் கடையில் ஒரு ஸ்வெட்டர் வாங்கினான். கருத்த காப்பிக்கொட்டை நிறம். இதைப் போட்டால் சட்டையும் மறையும், பேச்சும் அடங்கும்.

ஸ்வெட்டர் போட்ட அன்று மாலைக்குள் மேலும் இரண்டு வரன் வந்தது. கேன்டீனில் கேட்காமலே கேசரி வைத்தார்கள். கிருஷ்ணராஜ் தோளில் தட்டி, "நல்ல முடிவு. வாழ்க்கைன்னா நகரணும்" என்றார். பெண் வீட்டார் என்று சொல்லிக்கொண்டு இருவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, பயந்த மாதிரி போனார்கள்.

இதெல்லாம் போகட்டும். ஞாயிற்றுக்கிழமைதான் முக்கியம். வாரா வாரம் ஹனூரிலிருந்து மாமனார் மல்லப்பன், மாடியில் இருக்கும் வீட்டுக்கார மாதம்மாவின் போனுக்குக் கூப்பிடுவார். சௌக்கியம் கேட்பார். பிறகு மகேஸ்வரி ஏழு வயதில் ஆட்டுக்குட்டிக்குப் பாவாடை கட்டியது, பத்து வயதில் ஆசிரியரைத் திருத்தியது என்று ஏதாவது ஒன்று சொல்வார். ரத்தினசாமி "ம்" கொட்டுவான். அவளைப் பற்றிப் பேச அவனுக்கு மிச்சமிருந்த ஒரே ஆள் அவர்தான்.

அந்த ஞாயிறு போன் வரவில்லை. மாடியேறி மாதம்மாவிடம் கேட்டான்.

"வெள்ளிக்கிழமையே பண்ணினாரே. மாப்பிள்ளை இப்ப ஜோரா இருக்கார், கவலைப்படாதீங்கன்னு நான்தான் சொன்னேன்" என்றாள் அவள் சந்தோஷமாக.

திங்கள்கிழமை காலை மல்லப்பனே வந்து நின்றார். வேலைக்குக் கிளம்பி ஸ்வெட்டரோடு நின்ற மாப்பிள்ளையை உச்சி முதல் கால் வரை பார்த்தார். செருப்பைக் கழற்றவில்லை.

"உள்ள வாங்க மாமா."

"இருக்கட்டுமுங்க. ஒண்ணு சொல்லிட்டுப் போறதுக்குத்தான் வந்தேனுங்க. எம்புள்ள திவசத்த நாங்க ஊர்லயே பாத்துக்கறோம். நீங்க வர வேண்டாமுங்க."

"மாமா!"

"இனி போனும் பண்ண மாட்டேனுங்க. உங்க வயசுக்கு நான் குத்தம் சொல்லல. ஆனா ஒரு வருசம் திரும்பட்டும்னு இருந்திருக்கலாமுங்க மாப்ளே."

"நான் என்ன பண்ணினேன்?"

"கண்ணாடில பாருங்க."

பார்த்தான். சோர்ந்த முகமும் சோர்ந்த உடுப்புமாக ஒருவன் நின்றான்.

"இதைவிட எளிமையா நான் என்ன மாமா உடுத்தறது?"

மல்லப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கேலி பண்றீங்களாட்ட இருக்குது."

ரத்தினசாமி அவர் கையைப் பிடித்தான். இத்தனை வருடங்களில் முதல் முறை. "சிவராம்பேட்டை வரைக்கும் வாங்க மாமா. தைச்சவர்கிட்டயே கேளுங்க. நான் எந்த எண்ணத்துல தைக்கக் கொடுத்தேன்னு அவர் சொல்லட்டும். அப்புறம் நீங்க போங்க, நான் தடுக்கல."

ஆட்டோவில் போனார்கள். கெம்பையன் அப்போதுதான் கடையைத் திறந்து மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரத்தினசாமியின் ஸ்வெட்டரைப் பார்த்ததும் துணி கையிலேயே நின்றது.

"கெம்பையன், இவங்க என் மாமனார். நான் எப்படித் தைக்கச் சொன்னேன்? சொல்லுங்க."

"கண்ணுல படாத மாதிரி இருக்கணும்னு சொன்னீங்க சார்."

"இதுங்களா கண்ணுல படாதது?" மல்லப்பனின் குரல் தெருவரை கேட்டது. "எம்புள்ள வாழ்ந்த வீட்டுல இத உடுத்திட்டு நிக்கறாரு, கண்ணுல படாதாமா!"

ரத்தினசாமிக்கு அழுகையா கோபமா தெரியவில்லை. "மாமா, சாம்பல் கலர் சட்டை. மண்ணு கலர் பேண்ட். இது யார் கண்ணை மாமா உறுத்தும்?"

மல்லப்பன் சட்டையைப் பார்த்தார். பேண்டைப் பார்த்தார். மாப்பிள்ளையின் கண்களைப் பார்த்தார்.

கெம்பையன் கழுத்திலிருந்த டேப்பை மெல்ல எடுத்து மேஜைமேல் வைத்தார். மல்லப்பனின் காதருகே குனிந்தார். ஆனால் மெஷின் ஓடாத கடையில் அது ரத்தினசாமிக்கும் கேட்டது.

"எஜமானரே, சார் ஒவ்வொரு தடவையும் இதே மாதிரி ரோஸும் பச்சையுமாத்தான் எடுத்துட்டு வந்து கொடுப்பாரு, சாயங்காலமே அம்மா தனியா வந்து, 'அவருக்குக் கலர் தெரியாது, சொல்லிடாதீங்க'ன்னு சிரிச்சுக்கிட்டே துணியை மாத்திக் கொடுத்துட்டுப் போவாங்க, இந்தத் தடவை எட்டு நாள் வெட்டாம வச்சுப் பார்த்தேன், அம்மா ஏனோ வரவே இல்ல."