கிணற்றடி வேலி

"கத்தாதையும், ஊருக்குக் கேக்கப்போகுது!"

"கேக்கட்டும்! நல்ல தண்ணிக் கிணத்தைக் கொண்டுபோய் வேலிக்கு அங்கால விடுறியள், நான் கத்தாமல்..."

"நாகபூசணியின்ர கிணறு அவவின்ர காணிக்குள்ளதானே நிக்கவேணும்?"

"இவ்வளவு காலமும் அந்த நியாயம் எங்க போனது? நாளையிலயிருந்து நான் தண்ணிப் பவுசர் வரும்வரைக்கும் றோட்டில குடத்தோட நிக்கிறதோ?"

மனைவி சறோஜினிதேவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தம்பிஐயா இரும்பு அலவாங்கை நிலத்தில் ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார்.

கரம்பொன் கிராமத்தில் அவருடைய காணிக்கும் நாகபூசணியின் காணிக்கும் இடையே இருந்தது ஒரேயொரு ஓலை வேலி. நாகபூசணி கனடாவுக்குப் போன பிறகு, வேலி அடைக்கிற ஒவ்வொரு முறையும் கதியால் கம்புகள் ஒரு சாண் அங்கால நகர்ந்தன. யாரும் நகர்த்தியதாகச் சொல்ல முடியாது. அடைப்பவர் தம்பிஐயா ஒருவர்தான், அவ்வளவே. போன வருடம் வேலி நாகபூசணியின் கிணற்றையும் தாண்டிவிட்டது. அந்தப் பக்கத்தில் உப்புக் கரிக்காத கிணறு அது ஒன்றுதான்.

இன்று காலை நாகபூசணியின் மகன் கனடாவிலிருந்து பேசினார். "அம்மா காணியைப் பிரிக்கப்போறா, அங்கிள். நாளைக்கு சேர்வேயர் வருவினம். நீங்கள் வேலியைக் காட்டிவிட்டால் காணும்."

"வேலியைக் காட்டட்டாம்!" தம்பிஐயா போனை வைத்ததும் மனைவியைக் கூப்பிட்டார். "தெரிஞ்சிட்டுது, சறோ. காரைநகரில வேலி தள்ளினவன் இண்டைக்கும் கோட்டுக்கு அலையிறான்."

"அவன் தள்ளினது ஒரு முழம்," என்றாள் சறோஜினிதேவி.

அந்த ஆறுதலோடுதான் அவர் அலவாங்கை எடுத்தார்.

மத்தியானத்துக்குள் வேலி கிணற்றுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது. ஆனால் பழைய இடத்தில், பல்லுப் பிடுங்கின முரசு மாதிரி வரிசையாகக் குழிகள்.

"குழி காட்டிக்குடுக்குமே!"

குழிகளைச் சருகு போட்டு மூடினார்கள். ஆடு அதில் காலை விட்டுக் கதறியது. ஆட்டை இழுத்தெடுத்துவிட்டு மண்ணால் மூடினார்கள். இப்போது புதைகுழி வரிசை போலத் தெரிந்தது. அதற்கு மேல் சாணியைப் பரப்பினார்கள்.

"கதியாலைப் பாருங்கோ, வெட்டின இடத்தில பால் வடியுது. இது நேற்றையான் வேலி எண்டு குருடனும் சொல்லுவான்."

கதியால்களுக்குச் சேறு பூசி, உக்கின ஓலையைக் கட்டினார். கட்டி முடித்ததும் அடுத்த பயம் பிடித்தது. "இன்னும் அவவின்ர நிலத்திலதான் நிக்கிறமோ தெரியேல்லை." இன்னும் கொஞ்சம் இங்கால நகர்த்தினார். பிறகு எதற்கும் இன்னும் கொஞ்சம்.

"இனியும் நகர்த்தினால் வேலி குசினி அடுப்புக்குள்ளாலதான் போகும்!" என்று சறோஜினிதேவி அலவாங்கைப் பறித்தாள்.

மறுநாள் காலை நில அளவையாளர் இந்துஜா முக்காலியும் கருவியுமாக வந்து இறங்கினாள். கூடவே அளவுகோல் பிடிக்கிற மார்க்கண்டு.

"ஐயா, இதுதானே வேலி?"

"ஓம் பிள்ளை. அப்பு காலத்து வேலி."

இந்துஜா கிணற்றைப் பார்த்தாள், வேலியைப் பார்த்தாள். "கிணறு வேலிக்கு உங்கட பக்கம் எண்டெல்லோ எனக்குச் சொன்னவை?"

தம்பிஐயா தலையை வேகமாக ஆட்டினார். "ஆர் சொன்னது? பச்சைப் பொய்! அந்தக் கிணத்தில நாங்கள் ஒரு வாளி தண்ணி அள்ளினதில்லை."

அவருக்குப் பின்னால் சறோஜினிதேவி, நீர் சொட்டிய வாளியை மெல்லச் சீலைக்குள் மறைத்தாள்.

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ ஐயா. எல்லை ஆப்பு அடிச்சுப் படம் கீறினால் பிறகு மாத்த ஏலாது."

"அடியுங்கோ பிள்ளை! இப்பவே அடியுங்கோ!"

இந்துஜா இன்னொரு முறையும் கேட்டாள். அவர் தானே குந்தியிருந்து ஆப்பைப் பிடித்துக்கொடுத்தார். சுத்தியல் இறங்கும்போதெல்லாம் கண்ணை மூடினார்.

வேலை முடிந்தது. இந்துஜா கருவியைத் தூக்கிக்கொண்டு வாகனத்துக்குப் போனாள். பொலிஸ் வரவில்லை. யாரும் கையைப் பிடிக்கவில்லை.

"தப்பினம், சறோ."

"ஓம், தப்பினம். தண்ணிதான் இல்லை."

மார்க்கண்டு கிணற்றுக்கட்டில் இருந்து ஒரு வாளி அள்ளி, கையேந்திக் குடித்தார். "இளநி மாதிரிக் கிடக்கு!" என்று வாயைத் துடைத்துக்கொண்டு வந்தவர், வாகனப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சொல்லவேண்டாம் எண்டவை, எண்டாலும் மனம் கேக்குதில்லை அண்ணை: 'வேலி இப்ப எங்க நிக்குதோ அதையே எல்லையாப் பிடியுங்கோ, தம்பிஐயா ஆக்களின்ர பக்கத்தில உள்ளதை கிணத்தோட அவைக்கே எழுதிவிடப்போறன்' எண்டுதான் கனடா அம்மா எங்களை அனுப்பினவ, நீங்கள் இவ்வளவு நேர்மையான மனுசர் எண்டு பாவம், அவவுக்குத் தெரியாமல் போச்சு."