இருவர் அடங்கிய ஒரு குழந்தை

குழந்தைக்குத் தாய் தகப்பன் வேண்டும் என்பதில் எங்கள் தாஸ்புலாக் நகரத்தில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை, அதைத் துறைரீதியாக ஆராய ஓர் அலுவலகம் திறக்கும் வரை.

முன்பு அது காப்பாளர் பிரிவு என்ற பெயரில், நகராட்சிக் கட்டடத்தின் பின்பக்கம் ஒரே அறையில் இருந்தது. அதன் அதிகாரி ஒராஸ்கெல்தி அங்கேயே தேநீர் குடித்து, அங்கேயே கையெழுத்துப் போட்டு, அங்கேயே கண்ணயர்ந்து, ஒருவருக்கும் தீங்கில்லாமல் வாழ்ந்துவந்தார். ஊர் அவரை மரியாதையாக ஒரெக்கே என்று கூப்பிடும். போன வசந்தத்தில் அவரைத் தலைநகருக்கு ஒரு பயிற்சி முகாமுக்கு அனுப்பினார்கள். போனவர் வேறு, வந்தவர் வேறு. மீசை போய்விட்டது. காற்சட்டை கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. காலுறை என்ற பொருளையே அவர் துறந்துவிட்டார். தலைநகரில் மேல்மட்டத்தில் இப்போது யாருமே காலுறை போடுவதில்லையாம்.

பிரிவின் பெயர் 'பாசப் பிணைப்பு மேலாண்மைத் துறை' ஆயிற்று. கண்ணாடிச் சுவர் வைத்த ஓர் அறையும், ஆளுயரத் திரையும், பாசத்தை அளக்கும் ஒரு கருவியும் வந்து இறங்கின. கருவிக்குக் கண் உண்டு. யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், யார் யாரை விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள் என்று கவனித்து நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும். அமைச்சகத்திலிருந்து ஒருவர் வந்து ரிப்பன் வெட்டினார். புல்வெளிக் காற்று ஊசியாய்க் குத்திய அந்த அக்டோபர் காலையில், துறை ஊழியர்கள் அத்தனை பேரும் நீலம் பாரித்த கணுக்கால்களோடு வரிசையாக நின்று கைதட்டினார்கள். பதவி உயர்வு யாருக்குத்தான் கசக்கும்?

இந்த நேரம் பார்த்துத்தான் அயர்லாந்திலிருந்து டெக்லனும் ஓர்லாவும் வந்து சேர்ந்தார்கள்.

டெக்லன் அங்கே மாட்டு வைத்தியன். ஓர்லா ரொட்டிக் கடை வைத்திருக்கிறாள். நான்கு வருஷத்துக்கு முன்பு எங்கள் ஊர்க் குழந்தைகள் இல்லத்திலிருந்து மெருயெர்ட் என்ற பெண் குழந்தையைத் தத்தெடுத்துப் போனவர்கள். அப்போதும் அவர்களுக்கு மொழிபெயர்த்தது நான்தான். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தும் கலம்காஸ் என்கிற என்னை விட்டால் ஊரில் அதற்கு ஆள் கிடையாது. மெருயெர்ட்டுக்கு இப்போது மேவ் என்று பெயர். வயது ஆறு. முன்பல் இரண்டு இல்லை. வாய் மட்டும் ஊருக்கே போதும். அவளுக்குத் தம்பி வேண்டுமாம், அதுவும் தான் இருந்த அதே இல்லத்திலிருந்து வேண்டுமாம்.

இல்லத்தின் தலைவி ராஹிலா அபாய், அதாவது ராஹிலா அக்கா, அவர்களைக் கட்டிப்பிடித்து, தேநீர் ஊற்றி, எண்ணெயில் பொரித்த பவுர்சாக்கை மலையாகக் குவித்து, பெக்ஸாத்தைத் தூக்கிவந்து உட்கார வைத்தாள். இரண்டு வயதுப் பையன், இன்னும் தவழ்கிறான். யாரிடமும் போகமாட்டான், யாரையும் நிமிர்ந்து பார்க்கமாட்டான். மேவ் தன் வாயிலிருந்த உப்புத் தயிர் உருண்டையை எடுத்து அவனிடம் நீட்டினாள். அவன் அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, அவளுடைய ஜடையைப் பிடித்தான். பிடித்தவன் விடவில்லை. சாப்பிட்டபோதும் ஜடை கையில். தூங்கியபோதும் ஜடை கையில்.

"அம்மா, எனக்கு வலிக்குது. ஆனா எழுப்பாதீங்க," என்றாள் மேவ். ஓர்லா திரும்பி ஜன்னலைப் பார்த்தபடி மூக்கை உறிஞ்சினாள்.

"அவ்வளவுதான்டீ கலம்காஸ், வேலை முடிஞ்சுது," என்றாள் ராஹிலா அபாய் என்னிடம். "மிச்சம் வெறும் கையெழுத்து."

மறுநாள் துறைக்குப் போனோம். ஒரெக்கே கால்மேல் கால் போட்டு, கணுக்கால் தெரிய உட்கார்ந்திருந்தார்.

"நீங்களா தேர்ந்தெடுக்கற பழைய பழக்கமெல்லாம் இப்ப கிடையாது," என்றார். "உங்களுக்குப் பொருத்தமான குழந்தையைக் கருவியே தேர்ந்தெடுத்துருச்சு. இதைவிட நல்ல குழந்தை இந்த மாவட்டத்துலேயே இல்லை. வயசு ஆறு. ஆரோக்கியம் அருமை. அதுமட்டுமில்ல, ஆங்கிலம் பேசும். என்ன உச்சரிப்புங்கறீங்க! அந்த நாட்டுலேயே வளர்ந்த மாதிரி!"

திரை ஒளிர்ந்தது. முன்பல் இல்லாத ஒரு பெண் எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"அம்மா," என்றாள் மேவ், "அது நான்."

நான் மொழிபெயர்த்தேன். ஒரெக்கே மகிழ்ந்துபோனார். "பாருங்க, குழந்தையே அடையாளம் காட்டுது!"

"ஐயா, இது எங்க பொண்ணு," என்றான் டெக்லன். "நாலு வருஷமா எங்க பொண்ணு."

"அது பழைய முறையில. இந்தக் குழந்தை பதினெட்டு வயசு வரைக்கும் நம்ம குடிமகள். எல்லைக்குள்ள வந்ததும் கருவி அவளைக் கவனிச்சுது. இங்க பதிவான அப்பா அம்மா இருக்காங்களா? இல்லை. அதனால பெற்றோரில்லாத குழந்தைன்னு சேர்த்துக்கிச்சு."

"நாங்கதான் இங்கேயே உட்கார்ந்திருக்கோமே!"

"நீங்க விண்ணப்பதாரர்களா உட்கார்ந்திருக்கீங்க. ஒரே ஆள் விண்ணப்பதாரராவும் பெற்றோராவும் இருக்க முடியுமா? முறைகேடு ஆயிடாதா?"

ஓர்லா முகம் வெளுத்துக் கேட்டாள்: "அப்ப பெக்ஸாத்?"

"ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு குழந்தை. இவளை எடுத்துக்கிட்டா அவன் இல்லை."

"எங்களுக்கு இவளை மறுபடி தத்தெடுக்க வேண்டாம்."

நான் இதை மொழிபெயர்த்திருக்கக் கூடாது. ஒரெக்கே காலை இறக்கினார். "வேண்டாமா? அப்ப ஒரு குழந்தையை நிராகரிச்சதா ஆகும். குழந்தையை நிராகரிக்கிறவங்களுக்கு இன்னொரு குழந்தையை எப்படிம்மா தர்றது?"

ஒரெக்கே குரலை இனிமையாக்கிக்கொண்டு தொடர்ந்தார். "பயப்படாதீங்க. கண்ணாடி அறையில ரெண்டு வாரம் பிணைப்புக் கண்காணிப்பு. அதுவரைக்கும் குழந்தை இல்லத்துல தங்கட்டும்."

ஓர்லா மேவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "என் பொண்ணை நான் எங்கயும் விடமாட்டேன். முடிஞ்சா பிடுங்கிப் பாருங்க!"

"இதான், இதேதான் நாங்க எதிர்பார்க்கற உணர்வு," என்றார் ஒரெக்கே. "ஆனா கருவி முன்னாடி வரணும். இங்க வந்தா கணக்குல சேராது."

அன்று மாலை இல்லத்து வாசலில் ஓர்லா அழுத அழுகையை நான் மறக்கமாட்டேன். ராஹிலா அபாய் அவளைத் தேற்றவில்லை. ஒரு வெள்ளை மேலங்கியை எடுத்து அவள்மேல் எறிந்தாள். "இவகிட்ட சொல்லுடீ. எனக்கு ஆயா பத்தலை. இவளை இன்னிக்கே வேலைக்கு எடுத்துட்டேன். பொண்ணு பக்கத்துலேயே படுத்துக்கட்டும். புருஷனுக்குக் கொதிகலன் பாத்துக்கற வேலை. கேக்கறவன் என்கிட்ட வந்து கேக்கட்டும்."

அப்படியாக ஓர் ஐரிஷ் தாய், தன் சொந்த மகளைத் தத்தெடுக்கும் பொருட்டு, அவளுக்கு ஆயாவாக நியமனம் பெற்றாள்.

கண்காணிப்பு தொடங்கியது. அதுவரை வீட்டில் குரங்குக்குட்டி மாதிரி அப்பன் தோளில் தொங்கிய மேவ், 'இயல்பாக இருக்க வேண்டும்' என்று சொன்னதும் மரக்கட்டையாகிவிட்டாள். டெக்லன் அவளைச் சிரிக்க வைக்க மாடு மாதிரிக் கத்தினான், கன்றுக்குட்டி மாதிரித் துள்ளினான். மேவ் கொட்டாவி விட்டாள். கருவி எழுதியது: 'குழந்தை விண்ணப்பதாரரை அப்பா என அழைக்கிறது, முன்கூட்டியே சொல்லிக்கொடுக்கப்பட்டதாகத் தெரிகிறது. விண்ணப்பதாரர் தன்னை மாடு என நினைக்கிறார். பிணைப்பு: பதினேழு.'

"பதினேழா!" ஓர்லா என் கையைப் பிசைந்தாள். "எங்க ஆட்டுக்குட்டிகூட அவர்கிட்ட அதுக்கு மேல வாங்குமே!"

விதி எங்களுக்காக வேறொரு கதவைத் திறந்தது. ராஹிலா அபாய் ஒருநாள் பெக்ஸாத்தையும் தூக்கிக்கொண்டு அங்கே வந்திருந்தாள். அந்த நேரம் கருவியைத் துடைப்பதற்காக ஒரெக்கே கண்ணாடி அறைக்குள் போனார். மேவ் பகலெல்லாம் கண்காணிப்பில் இருந்ததால் ஜடை கிடைக்காமல் ஏங்கிப்போயிருந்த பெக்ஸாத் அவர் பின்னாலேயே தவழ்ந்து நுழைந்தான். கண்ணெதிரே உருண்டையாக, பளபளவென்று, ஒரு கணுக்கால். இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டான். கன்னத்தை வைத்துப் பார்த்தான். குளிர்ச்சி அவனுக்குப் பிடித்துப்போயிற்று. வாழ்க்கையில் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்து, "அப்பா!" என்றான்.

திரை பச்சையாக ஒளிர்ந்தது. பிணைப்பு: தொண்ணூற்றேழு.

"ஏய், விடு, விடுடா," என்று ஒரெக்கே காலை உதறினார். விடாப்பிடிக்கென்று இரண்டு மதிப்பெண்ணைக் கருவி ஒதுக்கி வைத்திருந்தது போலும். தொண்ணூற்றொன்பது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் நடைமுறைப்படியே நடந்தது. உள்நாட்டுக் குடிமகனுக்கும் குழந்தைக்கும் உயர் பிணைப்பு இருந்தால் வெளிநாட்டவர் விண்ணப்பம் தானாகவே நின்றுபோகும். நின்றுபோயிற்று. ஒராஸ்கெல்தி என்ற குடிமகன் தானாகவே விண்ணப்பதாரர் ஆனார். வருமானச் சான்று, வீட்டுச் சான்று, மனநலச் சான்று ஆகியவற்றோடு தம் துறைக்கு வர வேண்டும் என்று அவருக்கு அவரே ஆணை அனுப்பினார். சான்றுகளோடு அவர் வந்தபோது உணவு இடைவேளை. அவரே கதவைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்.

சாயங்காலத்துக்குள் செய்தி அவர் மனைவி கம்ஷாத்தை எட்டியது. ரொட்டி மாவு பிசைந்த கையோடு வந்துவிட்டாள்.

"தலைநகருக்குப் பயிற்சிக்குப் போனீங்களா? என்ன பயிற்சி அது? ரெண்டு வயசுல ஒரு பயிற்சி உங்களை அப்பான்னு கூப்பிடுதாமே!"

"அடியே, நான் போனதே போன வசந்தத்துலதானே! அது என் காலைத்தான் கூப்பிட்டுச்சு!"

"மூஞ்சியை மழிச்சபோதே நினைச்சேன். காலுறையைக் கழட்டினபோது நிச்சயமாத் தெரிஞ்சுது. அஞ்சு பெத்தேனே, ஒருத்தனையாவது தொண்ணூத்தொன்பது வாங்க விட்டீங்களா?"

"கருவி தப்பாச் சொல்லிருச்சுன்னு எழுதிடுங்களேன், ஒரெக்கே," என்றேன் நான்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அமைச்சகம் ரிப்பன் வெட்டின கருவிம்மா. அது தப்பாச் சொல்லாது. நான் வேணா தப்பாப் பொறந்திருக்கலாம்."

அப்போதுதான் ராஹிலா அபாய் மேவின் கையைப் பிடித்துக் கண்ணாடி அறைக்குள் கூட்டிப் போனாள். நாளெல்லாம் ஒரெக்கேயின் கணுக்காலிலேயே தொங்கிய பெக்ஸாத் அதை விட்டான். ஓடினான். அதுவரை தவழ்ந்தே திரிந்தவன், தடுமாறித் தடுமாறி ஓடி, ஜடையைப் பிடித்துக்கொண்டான். மேவ் மரக்கட்டையாக இருக்க மறந்து, அவனைத் தூக்க முயன்று, இருவரும் பொத்தென்று விழுந்து, உருண்டு உருண்டு சிரித்தார்கள். திரை நூறு காட்டியது.

"ஒரெக்கே," என்றாள் ராஹிலா அபாய், "கூடப் பிறந்ததுகளைப் பிரிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கா இல்லையா?"

"இருக்கு. ஆனா இதுங்க கூடப் பிறக்கலையே."

"நூறு வாங்கியிருக்கு. உங்க சொந்தப் பசங்க வாங்குமா? கருவியைச் சந்தேகப்படறீங்களா?"

"ஐயோ, இல்ல."

"அப்ப இது பிரிக்க முடியாத தொகுதி. தொகுதின்னா எண்ணிக்கையில எத்தனை?"

ஒரெக்கேயின் முகத்தில் மறுபடி இரத்தம் ஊறியது. "ஒண்ணு!"

"ஒரு விண்ணப்பத்துக்கு?"

"ஒரு குழந்தை! ஆகா! இருவர் அடங்கிய ஒரு குழந்தை!" கம்ஷாத் மாவுக் கையோடு நிற்பதையும் மறந்து அவர் ராஹிலா அபாயின் கையை முத்தமிட்டார்.

பதினேழு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். தொகுதி புதுக் குழந்தை என்பதால், ஒரெக்கேயின் தொண்ணூற்றொன்பது உட்படப் பழைய மதிப்பெண் எல்லாம் ரத்தாம்; நின்றுபோன விண்ணப்பம் உயிர் பெற்று, தொகுதிக்கும் விண்ணப்பதாரருக்கும் புதிதாக அளக்க வேண்டுமாம். ஓர்லா உள்ளே போனாள். பெக்ஸாத் ஒரு கையில் ஜடையும் மறு கையில் அவளுடைய ஆயா மேலங்கியும் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனான். டெக்லன் அவர்கள் மூவரையும் சேர்த்து அணைத்து, மாடு மாதிரிக் கத்தாமல், சும்மா அழுதான். கருவி சற்று யோசித்து எண்பது போட்டது. தேர்ச்சி.

நீதிமன்றத்தில் நீதிபதியம்மா மேவிடம் முறைப்படி கேட்டார்: "இவர்களை உன் தாய் தந்தையராக ஏற்கச் சம்மதமா?"

மேவ் இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள். "சரி. நானும் விட்டுட்டா இவங்களை வேற யாரு எடுத்துப்பா?"

மறுநாள் ரயில் கிளம்பியபோது ஜன்னலில் நான்கு தலைகள் தெரிந்தன. ஒன்று ஜடை இழுபட்டுச் சாய்ந்திருந்தது. நடைமேடையில் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். பாவம், தங்கள் பெண்ணையே தத்தெடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று ஊரே ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

அமைச்சகம் சிரிக்கவில்லை. மெச்சிக்கொண்டது. அந்நிய நாட்டவரே தம் பாசத்தை அளந்து காட்டியிருக்கும்போது உள்நாட்டுப் பெற்றோர் அளக்காமல் இருக்கலாமா என்று கேட்டு, வீட்டுக்கு வீடு பிணைப்புச் சான்று கட்டாயம் என அறிவித்தது. குளிர்காலம் முழுக்க ஊர் தன் பிள்ளைகளோடு துறை வாசலில் வரிசையில் நின்றது. ஒரெக்கே தம் ஐவரோடு மூன்றாம் முறையாக நின்றுகொண்டிருந்தார், ரோமக் காலுறை போட்டுக்கொண்டு.

நானும் என் பதினான்கு வயது மகன் திலெக்கைக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடி அறையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். பெற்ற வயிறு, எனக்கென்ன பயம்? கருவி எனக்குப் பதினொன்று போட்டது. அவன் கையிலிருந்த கைப்பேசிக்குத் தொண்ணூற்றெட்டு.

இப்போது சட்டப்படி அவனுக்குப் பாதுகாவலர் அதுதான். விண்ணப்பதாரர் என்ற முறையில், தினமும் இரண்டு மணி நேரம் அவனைப் பார்த்துவர எனக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. முன்பு இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.